மட்டக்களப்பு ஆழ்கடலில் மின்சாரத்தைச் சேமிக்கலாமா? கணக்கிலிருந்து களம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் பகல் வேளையில் அவற்றை நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்ததால் மின்தேவை மிகவும் தாழ்ந்திருந்தது. அந்த நிலையில் கட்டுப்படுத்த முடியாத சூரிய மின்சாரம் வலையமைப்பைக் குலைத்துவிடும் என்ற பயம் நியாயமானதே. ஆனால் அதே நாட்களில் மாலை 6.30 மணிக்கு விளக்குகள் எரியத் தொடங்கியதும் நீர், நிலக்கரி, எண்ணெய் என்று எல்லா நிலையங்களையும் உசுப்ப வேண்டியிருந்தது. பகலில் வேண்டாம் என்று தள்ளியது இரவில் இல்லை. காற்றாலைகளைக் கடலுக்குள் கொண்டுபோனாலும் இதே சிக்கல்தான் வரும். காற்று நம் மின்மானியைப் பார்த்து வீசுவதில்லை.

சேமிப்புத்தான் விடை என்று எல்லோரும் சொல்கிறோம். எங்கே சேமிப்பது என்று கேட்டால் மத்திய மலைநாட்டைக் காட்டுவார்கள். மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, வேண்டியபோது கீழே இறக்கி மின்சாரம் பெறும் 600 மெகாவாட் நீரேற்றுச் சேமிப்பு நிலையத்துக்கான திட்டம் மஹா ஓயாவில் நெடுநாளாக இருக்கிறது. கிழக்கில் மலை இல்லை. ஆனால் மலையைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற ஆழம் கரைக்கு அருகிலேயே இருக்கிறது. அந்த ஆழத்தை எப்படிக் கணக்கிடுவது, எதை நம்புவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதை உயர்தரப் பௌதிகம் படிக்கும் மாணவருக்கும், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும், கூட்டத்தில் கேள்வி கேட்க வேண்டிய மீனவர் சங்கத் தலைவருக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன். கையில் ஒரு கணிப்பானும் தாளும் இருந்தால் போதும்.

படி 1: தத்துவத்தை ஒரே எண்ணாக்கிக்கொள்ளுங்கள்

கடலடியில் உட்குழிவான ஒரு கொங்கிறீற்றுப் பந்தை வையுங்கள். மின்சாரம் மிஞ்சும்போது பம்பியை இயக்கி உள்ளே இருக்கும் நீரை வெளியே தள்ளுங்கள். பந்து வெறுமையாகும். அதாவது, சேமிப்பு நிறைந்துவிட்டது. மின்சாரம் வேண்டியபோது வாயைத் திறந்தால் கடல்நீர் முழு அமுக்கத்தோடு உள்ளே பாய்ந்து சுழலியைச் சுற்றும். அதே பம்பி எதிர்த்திசையில் சுழலியாகவும் வேலை செய்யும். நீரேற்று நிலையத்தில் மேலேயுள்ள நீர்த்தேக்கத்தின் இடத்தை இங்கே கடல் முழுவதும் எடுத்துக்கொள்கிறது.

சேமிக்கும் சக்திக்கான சமன்பாடு பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்: கடல்நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு ஆர்முடுகல், ஆழம், கனவளவு ஆகிய நான்கையும் பெருக்க வேண்டும். கடல்நீர் கனமீற்றருக்கு 1025 கிலோகிராம். ஆர்முடுகல் 9.81. மின்கட்டணச் சிட்டையில் வரும் ஒரு அலகு 36 இலட்சம் ஜூல். இவற்றைச் சேர்த்தால் கையோடு வைத்திருக்கக்கூடிய ஒரு விதி கிடைக்கிறது: ஏறத்தாழ 360 மீற்றர் ஆழத்தில் ஒரு கனமீற்றர் வெற்றிடம் ஒரு அலகு மின்சாரத்துக்குச் சமம்.

ஒரு கனமீற்றர் என்பது வீட்டு மாடியில் வைக்கும் 1000 லீற்றர்த் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டியளவு இடத்தை மூன்று மீற்றர் ஆழமான வாவியில் வைத்தால் ஒரு அலகில் நூறில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. 700 மீற்றரில் வைத்தால் ஏறக்குறைய இரண்டு அலகு. வாவியில் இதைச் செய்யலாம் என்று யாராவது உங்களிடம் வந்தால் இந்த ஒரு கணக்கைக் காட்டி அனுப்பிவிடலாம்.

படி 2: உங்கள் கடலின் ஆழத்தைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். நுட்பத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கலாம். ஆழத்தை வாங்க முடியாது.

இலங்கையைச் சுற்றியுள்ள கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடித் தரை, ஒடுக்கமானது. வடமேற்கே மன்னார், பாக்கு நீரிணைப் பக்கம் மட்டும் அது அகன்று ஆழமற்றுக் கிடக்கிறது. கிழக்கே மேடை சீக்கிரம் முடிந்துவிடும். அதன் விளிம்பைத் தாண்டியதும் தரை செங்குத்தாக இறங்கி, இறுதியில் 3000 மீற்றருக்கும் கீழான ஆழ்கடல் தரையைச் சேர்கிறது. நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு அடையாளம் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக் கரையிலிருந்து சுமார் 9 கிலோமீற்றரில், ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அது இன்னும் மேடையின் மேல்தான். அங்கே நமது கனமீற்றர் 0.15 அலகு மட்டுமே தரும்.

கல்லடியிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ ஆழ்கடலுக்குப் போகும் படகு ஒன்றில் இடம் கேட்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஓட்டியின் அருகில், ஆழத்தை மீற்றரில் காட்டும் எதிரொலிமானியின் சிறு திரை இருக்கும். கரையை விட்டுக் கிழக்கே போகப் போக எண் மெதுவாகத்தான் ஏறும். முப்பது, நாற்பது, பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டு வரும் இடத்தில் சற்றே குறையும், மறுபடி ஏறும். பிறகு ஒரு இடத்தில், கடலின் மேற்பரப்பில் எந்த மாற்றமும் தெரியாமலே, எண் நூறைத் தாண்டி ஓடத் தொடங்கும். தரையைக் காட்டும் கோடு திரையின் அடிவிளிம்பில் சரிந்து மறையும். சிறிய கருவியாக இருந்தால் எண் நின்று நின்று மின்னி, கடைசியில் தரையே அகப்படாமல் போய்விடும். அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் குறித்துக்கொள்ளுங்கள். மேடையின் விளிம்பு அங்கேதான். பழைய மீனவர்கள் இதைப் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் இரு கைகளையும் விரித்த நீளம், ஏறக்குறைய 1.83 மீற்றர். நாம் தேடும் 700 மீற்றர் (ஏன் என்பது படி 4இல்) அவர்கள் கணக்கில் 380 பாகத்துக்குச் சற்று மேல்.

பிறகு வீட்டில் இருந்தே ஜெப்கோ எனப்படும் உலகக் கடலாழத் தரவை இறக்குங்கள். அது இலவசம். அதன் கட்டம் ஒன்று ஏறத்தாழ 450 மீற்றர் அகலம். க்யூஜிஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து 600, 700, 800 மீற்றர்ச் சமவாழக் கோடுகளை வரையுங்கள். கல்லடி, வாழைச்சேனை, ஒலுவில், பொத்துவில் ஆகிய நான்கு கரைப்புள்ளிகளிலிருந்தும் 700 மீற்றர்க் கோட்டுக்கு உள்ள தூரத்தை அளந்து ஒரு அட்டவணை போடுங்கள். கடலடி மின்வடத்தின் விலையைத் தீர்மானிக்கப் போவது இந்தத் தூரம்.

தூரத்தோடு சரிவையும் பாருங்கள். செங்குத்து நமக்கு அனுகூலம், ஆனால் அளவோடு. 30 மீற்றர் விட்டமுள்ள பந்து சரிவில் நிற்காது. சேறு வழுக்கும் கடலடிப் பள்ளத்தாக்குகளுக்கு அருகே வைப்பது ஆபத்து. சரிவின் நடுவே படிபோல அமைந்த சமதரையைத் தேட வேண்டும். 450 மீற்றர்க் கட்டத்தில் அது சரியாகத் தெரியாது. இறுதி முடிவுக்கு, நீரியல் வள ஆராய்ச்சி செய்யும் நாரா நிறுவனத்தின் கடற்படங்களும், கப்பலிலிருந்து செய்யும் பல்கற்றை எதிரொலி அளவீடும் தேவைப்படும்.

படி 3: எந்த வகைச் சேமிப்பு என்று தெரிவு செய்யுங்கள்

கொங்கிறீற்றுப் பந்துக்குப் போட்டியாக இன்னொரு வழி இருக்கிறது. கடலடியில் பலூன்களைக் கட்டி, கரையிலிருந்து குழாய் வழியாகக் காற்றை அமுக்கி நிரப்புவது. கனடாவின் ஹைட்ரோஸ்டோர் நிறுவனம் 2015இல் டொரொன்டோ தீவுக்கு அப்பால், ஒன்ராறியோ ஏரியில், சுமார் 55 மீற்றர் ஆழத்தில் இதைச் செய்து காட்டியது. கிட்டத்தட்ட ஹேர்மிஸ் கிடக்கும் ஆழம். அந்த ஆழத்தில் காற்றுக் கனமீற்றருக்கு அதிகபட்சம் 0.32 அலகு சேமிக்கும். நீரைப் போல் இரு மடங்குக்கு மேல்.

இருந்தும் நான் பந்தையே பரிந்துரைப்பேன். காற்றை அமுக்கினால் சூடேறும். அந்தச் சூட்டைப் பிடித்து வைக்காவிட்டால் வினைத்திறன் சரிந்துவிடும். பலூனின் ஒவ்வொரு கனமீற்றரும் சுமார் ஒரு தொன் விசையோடு மேலே இழுக்கும். இழுவலையும் தூண்டிலும் போகும் மேடைக் கடலில் துணிப் பலூன் நெடுநாள் நில்லாது. ஹைட்ரோஸ்டோரும் பின்னர் தரைக்கடியில் பாறைக் குகைகளைத் தோண்டும் வழிக்கே போய்விட்டது.

படி 4: பந்தை நீங்களே அளவெடுங்கள்

இந்த எண்ணத்தை 2011இல் முன்வைத்தவர்கள் ஜேர்மனியப் பௌதிகவியலாளர்கள் ஹோர்ஸ்ட் ஷ்மிட்-பொக்கிங், கேர்ஹார்ட் லூதர் ஆகிய இருவர். ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் அதை எடுத்து, 2016 நவம்பரில் 3 மீற்றர் விட்டமுள்ள ஒரு பந்தைக் கொன்ஸ்தான்ஸ் ஏரியில் 100 மீற்றர் ஆழத்துக்கு இறக்கிச் சோதித்தது. அவர்களுடைய முழு அளவுத் திட்டம் 30 மீற்றர்ப் பந்து, 600 முதல் 800 மீற்றர் ஆழம், பந்துக்கு சுமார் 20 மெகாவாட் மணி. இந்த எண்களை அப்படியே ஏற்காமல் சரிபார்ப்போம்.

உள்விட்டத்தை 30 மீற்றருக்குச் சற்றுக் குறைத்து, உள்ளாரையை 14 மீற்றர் என்று வையுங்கள். கனவளவு சுமார் 11,500 கனமீற்றர். 700 மீற்றரில் கனமீற்றருக்கு 1.96 அலகு என்றால் 22,500 அலகு, அதாவது 22.5 மெகாவாட் மணி. சுழலியில் 12 சதவீதம் இழந்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 20. கணக்குப் பொருந்துகிறது. சேமிக்கும்போது பம்பியும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அதன் வினைத்திறன் 85 சதவீதம் என்றால் 26.4 மெகாவாட் மணி கொடுத்து 19.8 திரும்பப் பெறுகிறோம். நாலில் மூன்று. நான்கு மணி நேரத்தில் வெளியே எடுத்தால் 5 மெகாவாட். ஒரு வீடு மாலை உச்ச நேரத்தில் இரண்டு அலகு எரிக்கும் என்று வைத்தால் ஒரு பந்து பத்தாயிரம் வீடுகளைத் தாங்கும்.

அடுத்தது சுவர். கடலின் அமுக்கத்தைத் தாங்கவே சுவர் தடிப்பாக இருக்க வேண்டும் என்று நினைப்போம். கணக்கு வேறு காரணம் காட்டுகிறது. வெறுமையான பந்து மிதந்து எழாமல் இருக்க, அதன் கொங்கிறீற்றின் நிறை, இடம்பெயர்க்கும் கடல்நீரின் நிறையை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். கொங்கிறீற்றுக் கனமீற்றருக்கு 2400 கிலோகிராம் என்று போட்டால் வெளியாரை உள்ளாரையின் 1.204 மடங்கைத் தாண்ட வேண்டும் என்று வருகிறது. 14 மீற்றருக்கு 16.86. ஆகவே சுவர் 2.86 மீற்றர், நிறை இருபதாயிரம் தொன்னுக்கு மேல். இதில் ஆழம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது அந்தச் சுவர் எவ்வளவு ஆழம் தாங்கும் என்று பாருங்கள். தடித்த கோளச் சுவரின் உட்புறத்தில் ஏற்படும் தகைப்பு (ஒரு சதுர மீற்றரில் விழும் விசை), இந்த விகிதத்துக்கு, வெளி அமுக்கத்தின் மூன்றரை மடங்கு. 700 மீற்றரில் அமுக்கம் 7 மெகாபஸ்கால், தகைப்பு ஏறத்தாழ 25. நல்ல கடற்கொங்கிறீற்று 50 முதல் 60 வரை தாங்கும். எனவே இரு மடங்கு காப்பு இருக்கிறது. 1500 மீற்றருக்குப் போனால் தகைப்பு 53 ஆகி அந்தக் காப்பு முழுவதும் கரைந்துவிடும். 600க்கும் 800க்கும் இடையில் ஏன் நிற்கிறார்கள் என்பது இங்கே விளங்குகிறது. மிதக்காமல் இருக்க எப்படியும் போட வேண்டிய சுவர், அந்த ஆழத்தின் அமுக்கத்தைத் தனிச்செலவில்லாமல் தாங்கிவிடுகிறது. இந்த இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் சந்திப்பது எனக்கு இத்துறையிலேயே மிகவும் பிடித்த விடயம்.

மூன்று மீற்றர் தடிப்பான கொங்கிறீற்று இறுகும்போது உள்ளே சூடேறி வெடிப்பு விழலாம். சீமெந்தின் ஒரு பகுதிக்குப் பதில் நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்தால் சூடும் குறையும், உப்புநீர் எதிர்ப்பும் கூடும். நுரைச்சோலையில் அந்தச் சாம்பல் நமக்கே கிடைக்கிறது.

படி 5: மாடித் தொட்டியில் பரீட்சித்துப் பாருங்கள்

பாடசாலைக் கண்காட்சிக்கு ஏற்ற பரிசோதனை இது. யாரும் நீருக்குள் இறங்க வேண்டாம். ஆறு மீற்றர் உயரத்திலுள்ள தண்ணீர்த் தொட்டியே உங்கள் கடல். கீழே 20 லீற்றர்க் கலன் ஒன்றை வையுங்கள். அதன் மூடியில் காற்றுப் போக ஒரு துளை. தொட்டியிலிருந்து வரும் குழாயில் 12 வோல்ற் நீரோட்ட மின்பிறப்பாக்கி ஒன்றைப் பூட்டி, எல்.ஈ.டி. விளக்கோடு இணையுங்கள். திறப்பானைத் திறந்தால் கலன் நிரம்பும் வரை விளக்கு எரியும். பிறகு சிறு பம்பியால் நீரை மேலே அனுப்பி, பம்பி எடுத்த மின்சாரத்தையும் விளக்குக்குக் கிடைத்ததையும் மானியால் அளந்து ஒப்பிடுங்கள்.

20 லீற்றர் நீர் ஆறு மீற்றரில் வைத்திருக்கும் சக்தி சுமார் 1180 ஜூல். மலிவான சிறு பிறப்பாக்கி ஐந்தில் ஒன்றையே தரும் என்று வைத்தால், ஒரு வாட் விளக்கு நான்கு நிமிடம்வரை எரியலாம். அதே கலன் 700 மீற்றரில் நூறு மடங்குக்கு மேல் தரும் என்று பிள்ளைகள் தாங்களே பெருக்கிச் சொல்லட்டும்.

படி 6: மின்சாரம் எங்கிருந்து வரும்?

இங்கே மிகை நம்பிக்கை வேண்டாம். உலக வங்கிக் குழுமம் 2023இல் இலங்கைக் கடலில் காற்றாலை அமைப்பதற்கான வழிகாட்டுத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. நம் நாட்டின் வலுவான கடற்காற்று மன்னார், புத்தளம் பக்கமே இருக்கிறது. கிழக்கில் வாடையும் கச்சானும் மாறி மாறி வருகின்றன, இடையில் காற்று ஓய்ந்த வாரங்களும் உண்டு. காற்றின் வலு அதன் வேகத்தின் மும்மடியில் மாறும். செக்கனுக்கு 6 மீற்றர் வீசும் இடத்தை விட 8 மீற்றர் வீசும் இடம் 2.4 மடங்கு தரும். ஆகவே ஓராண்டாவது உயரத்தில் அளக்காமல் ஒரு காற்றாலையைப் பற்றியும் பேசக் கூடாது.

இடத்தைப் பொறுத்தவரை ஒரு நல்ல சேர்க்கை அமைகிறது. தரையில் ஊன்றும் காற்றாலைகள் ஏறத்தாழ 60 மீற்றர் ஆழம் வரைதான் போகும். நம் மேடை அந்த ஆழம். மிதக்கும் காற்றாலைகளும் உண்டு. ஸ்கொட்லாந்தில் 2017 முதல் ஹைவிண்ட் ஓடுகிறது, நோர்வேயின் ஹைவிண்ட் டாம்பன் 260 முதல் 300 மீற்றர் ஆழத்தில் நிற்கிறது. நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. காற்றாலை மேடையின் மேல், பந்து அதன் விளிம்புக்குக் கீழே, இரண்டுக்கும் ஒரே வடம்.

காற்று வரும்வரை பந்து காத்திருக்கவும் வேண்டாம். அதற்கு மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான். 26.4 மெகாவாட் மணியை நிரப்ப, கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 அலகு என்று பார்த்தால், கிழக்கின் கூரைகளில் 6.6 மெகாவாட் சூரியத் தகடு போதும். அந்த ஏப்ரல் மாதத்தில் நிறுத்தச் சொன்னது இந்த மின்சாரத்தைத்தான்.

படி 7: எப்படி இறக்குவது, எங்கே கட்டுவது

இருபதாயிரம் தொன்னைத் தூக்கி இறக்கப் பாரந்தூக்கியைத் தேட வேண்டாம். வெறுமைப் பந்து மிதப்புக்கும் மூழ்குவதற்கும் நடுவில் இருப்பதால் மிதவைகள் கட்டி இழுத்துக்கொண்டு போய், சிறிது நீரை உள்ளே விட்டால் தானாக இறங்கும். சிக்கல் துறைமுகத்தில் வரும். பந்து கிட்டத்தட்ட முழுவதும் நீருக்குள் அமிழ்ந்தே மிதக்கும் என்பதால், 34 மீற்றர் வெளிவிட்டத்துக்கு அதே அளவு ஆழம் வேண்டும். ஒலுவிலும் வாழைச்சேனையும் இதற்கு ஆகா. திருகோணமலை இயற்கைத் துறைமுகத்தில் சிறு பந்தை இலகுவாகக் கட்டலாம். முழு அளவுப் பந்துக்கு அங்கும் பெரிய மிதவைகளால் உயர்த்தி எடுக்க வேண்டியிருக்கும்.

பம்பியும் சுழலியும் கழற்றக்கூடிய ஒரே உருளையில் இருக்க வேண்டும். ஃபிரவுன்ஹோஃபர் திட்டத்தில் கொங்கிறீற்றுக்கு 50 முதல் 60 ஆண்டு ஆயுள், இயந்திரத்தை 20 ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். ஆட்கள் இறங்க முடியாத ஆழம் என்பதால் உருளை மட்டும் கயிற்றில் மேலே வரும். ஒளி எட்டாத அந்தக் குளிரில் சிப்பியும் பாசியும் மேடைக்கடல் அளவுக்கு ஒட்டாது.

படி 8: கரையைத் தொடும் இடம்

பந்தை விட, வடம் கரையேறும் நூறு மீற்றரே ஊரில் சண்டையைக் கொண்டுவரும். ஒலுவில் துறைமுகம் கட்டிய பின் வாயில் மணல் நிரம்பியதையும், வடக்கே கரை அரித்துப் போனதையும் பார்த்த மக்கள் நாங்கள். ஆகவே கரைக்குச் செங்குத்தாகச் சுவரோ மேடையோ எழுப்பாமல், மணலுக்கடியில் துளையிட்டு வடத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாவியின் முகத்துவாரத்தை முற்றாகத் தவிர்க்கவும். மணல்திட்டு அங்கே பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். கரைவலைப் பாடுகள், அதாவது கரைவலை இழுக்கும் இடங்கள், எவை என்று சங்கங்களோடு இருந்து படத்தில் குறியுங்கள். வலை இழுக்கும் வழியில் வடம் மேலே தெரியவே கூடாது.

இந்தப் படத்தை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்னர் மீனவரிடம் கொண்டுபோக வேண்டும். வரைந்து முடிந்த படத்தைக் காட்டி ஒப்பம் கேட்பது ஆலோசனை ஆகாது. பார் எங்கே, நீரோட்டம் எந்த மாதம் எந்தப் பக்கம், இருபது வருடத்துக்கு முன் வலை எங்கே கிழிந்தது என்பதெல்லாம் அவர்களிடமே இருக்கிறது.

பிறகு சட்டம். கரையிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் தரைப்பக்கம் 300 மீற்றரும் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் கரையோர வலயம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ்ச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு. மின் உற்பத்திக்கு நிலைபெறுதகு வலு அதிகாரசபை. கடல் மாசுக்கு 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபை.

படி 9: எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

உடனே ஒரு பந்தைக் கட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். லித்தியம் மின்கலங்களின் விலை கடந்த பத்தாண்டில் பெரிதும் வீழ்ந்துவிட்டது. இன்று இரண்டு மணி நேரச் சேமிப்புக்கு அவசரம் என்றால் அவற்றையே வாங்க வேண்டும். ஆழத்தை அளப்பதும் காற்றை அளப்பதும் பாடுகளைக் குறிப்பதும் மட்டும் இப்போதே தொடங்கலாம். மூன்றுக்கும் சில ஆண்டு பிடிக்கும், செலவும் குறைவு.

2024 நவம்பரில் ஃபிரவுன்ஹோஃபர் தன் அடுத்த சோதனையை அறிவித்தது. கலிபோர்னியாவின் லோங் பீச் அருகே, 9 மீற்றர் விட்டம், 400 தொன், 500 முதல் 600 மீற்றர் ஆழம், 0.5 மெகாவாட், 0.4 மெகாவாட் மணி. 2026 இறுதிக்குள் இறக்குவது நோக்கம். 9 மீற்றர்ப் பந்து இடம்பெயர்க்கும் கடல்நீர் 391 தொன் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 400 தொன் ஏன் என்பது விளங்கும்.

அந்தச் சோதனையின் முடிவுகள் வந்ததும் மூன்று எண்களைத் தேடுங்கள். கொடுத்ததற்கும் பெற்றதற்கும் உள்ள விகிதம் 0.75க்கு மேலா? வெற்றிடத்துக்கு அருகில் ஓடும் பம்பியின் இறக்கைத் தகடுகளை நீராவிக் குமிழிகள் எத்தனை மாதத்தில் அரித்தன? இயந்திர உருளையை ஒருமுறை மேலே எடுத்து மீண்டும் பொருத்தக் கப்பலுக்கு எத்தனை நாள் வாடகை கொடுத்தார்கள்? முதல் எண்ணைப் படி 4இல் உள்ள 'நாலில் மூன்று' என்பதன் இடத்தில் மாற்றிப் போட வேண்டும். மற்ற இரண்டும், படி 2இல் நீங்கள் போட்ட தூர அட்டவணையோடு சேர்ந்து, கல்லடியா பொத்துவிலா என்பதை முடிவு செய்யும்.